விரிசலுக்கும் மேற்படி

பிள்ளைகளே, ஓசூரில் நீங்கள் உட்கார்ந்து வேலை செய்யும் அறையை நான் பார்த்ததில்லை. என் மகள் சொல்லித்தான் தெரியும். அவளோடு சேர்த்து நான்கு பேர், ஆளுக்கொரு கம்ப்யூட்டர். கம்பெனிகள் அனுப்பும் படங்களை இணையத்தில் போடுகிற அளவுக்குச் சிறிதாக்கிக் கொடுப்பதுதான் நாள் முழுக்க வேலை. "நீ செஞ்ச வேலைதான்ப்பா இது. புதுசா மூணு பேர் வந்திருக்காங்க, அவங்களுக்கு ஏதாச்சும் எழுதிக் குடேன்" என்றாள்.

நான் பத்தாவது வரை படித்தவன். கிரானைட் யூனிட்டில் பாலிஷ் மெஷின் ஓட்டினேன். முழங்கை வலி வந்த பிறகு அதே யூனிட்டில் கற்களைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றும் வேலை. போன வருடம்தான் ஓய்வு. எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் சரியான பட்டனை அழுத்தியே ஒரு பெண்ணின் வேலைக்கு உலை வைத்தவன் நான். அது எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்வது உங்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

எங்கள் யூனிட் குருபரப்பள்ளி பக்கம், நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே. பெரிய கல்லைப் பலகை பலகையாக அறுத்துப் பாலிஷ் போடுவோம். அந்தப் பலகையை ஸ்லாப் என்போம். ஆளுயரத்துக்கு இருக்கும். பாலிஷ் முடிந்த ஸ்லாப்புகளை இரண்டாகப் பிரிப்பார்கள். நல்லதெல்லாம் 'எக்ஸ்போர்ட் குவாலிட்டி'. மிச்சம் 'லோக்கல்'. பதினேழு வருடம் அந்த இரண்டு வார்த்தைகளைக் கேட்டே வளர்ந்தவன் நான். எக்ஸ்போர்ட் குவாலிட்டி என்றால் ஒரு புள்ளி குறை இருக்கக் கூடாது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த உலகம்.

படமெடுக்கும் வேலைக்கு வந்ததும், கேமரா விற்ற கடைக்காரர் ஒரு மணி நேரம் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்தார். படத்தைத் திற, ஓரத்தை வெட்டு, கடைசியில் 'எக்ஸ்போர்ட்' என்று இருப்பதை அழுத்து. அழுத்தினேன். ஒரு சின்னப் பெட்டி திறந்தது. அதில் 'குவாலிட்டி' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு. கோட்டில் ஒரு குமிழ். பூஜ்யத்திலிருந்து நூறு வரை எங்கே வேண்டுமானாலும் இழுத்து நிறுத்தலாம்.

எக்ஸ்போர்ட். குவாலிட்டி. எனக்குச் சந்தேகமே வரவில்லை. நூறுக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். அதற்குக் கீழே வைத்தால் லோக்கல் ஆகிவிடாதா?

இரண்டு மாதம் அப்படியே போனது. ஒருநாள் எங்கள் முதலாளி தன் போனை நீட்டியபடி என் அறைக்குள் வந்தார். தெலுங்கு பேசும் குடும்பம் அவருடையது. கோபம் வந்தாலும் சிரிப்பு வந்தாலும் 'தேவுடா' என்ற ஒரே வார்த்தைதான் வரும்.

"இந்தா, நீயே பாரு. நம்மகிட்ட கல்லு வாங்குற மைசூர்க்காரர் காலைலேருந்து மூணு தடவ கூப்பிட்டுட்டாரு. நம்ம பக்கத்தத் தெறந்தா சுத்துது, சுத்துது, சுத்திகினே இருக்குது. படமே வரல. எவ்வளவு குவாலிட்டி வெச்சிருக்க?"

"நூறு சார்."

"ஏன்?"

"எக்ஸ்போர்ட் குவாலிட்டி ஆச்சே சார்."

அவர் என்னைப் பார்த்தார். போனைப் பார்த்தார். "அய்யோ தேவுடா! அது கல்லுக்கு, முனிராஜு!" என்று சொல்லிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் ஒரே கட்டளை போட்டார். "இனிமே எந்தப் படமும் நூறு கேபிக்கு மேல போகக் கூடாது. எப்படிப் பண்ணுவியோ பண்ணு."

நீங்களும் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் அறையிலும் இப்படி ஒரு வார்த்தை இருக்கும். ஒரு இடத்தில் ஒரு பொருளில் பழகிவிட்டு, இன்னொரு இடத்துக்கு அதே பொருளைத் தூக்கிக்கொண்டு போவோம். அர்த்தம் தெரியாத வார்த்தையில் ஆபத்து குறைவு. யாரையாவது கேட்டுவிடுவோம். தெரியும் என்று நினைக்கிற வார்த்தையை யார் கேட்கிறார்கள்?

நூறு கேபிக்குள் கொண்டுவர ஆரம்பித்தபோதுதான் எனக்கு அந்த வேலைமேல் உண்மையான ஆசை வந்தது. ஏனென்றால் ஒரு விஷயம் புரியவே இல்லை. கறுப்புக் கல்லின் படம் சொன்ன பேச்சு கேட்டது. குமிழைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும், எண்பது கேபி, எழுபது கேபி என்று இறங்கிவிடும். பார்ப்பதற்கும் ஒரு குறையும் தெரியாது. சிவப்பும் சாம்பலும் பொடிப்பொடியாகக் கலந்த மணிக்கல் என்றால் முரண்டு பிடிக்கும். அதே கேமரா, அதே வெளிச்சம், அதே அகல உயரம். இது மட்டும் மூன்று நான்கு மடங்கு கனம். கல்லின் எடை படத்துக்குள் எப்படிப் போகும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை யூனிட்டின் கேமராவையும் கம்ப்யூட்டரையும் வீட்டுக்கு வாங்கி வந்தேன். மகள் அப்போது ஒன்பதாவது. இரண்டு பேருமாகக் கையில் கிடைத்ததையெல்லாம் படமெடுத்தோம். வானம். வெள்ளைச் சுவர். ஒரு இட்லி. என் கட்டம் போட்ட லுங்கி. தட்டு நிறையப் பரப்பிய கடுகு.

"கடுகப் போட்டோ புடிச்சு எந்த ஊருக்கு அனுப்பப் போறீங்க? பொண்ணு பாக்க வர்றாங்களா அதுக்கு?" என்று கேட்டுக்கொண்டே என் மனைவி தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனாள். குழம்பு அடுப்பில் காத்திருந்தது.

எல்லாப் படத்தையும் ஒரே அகல உயரம், ஒரே குவாலிட்டி வைத்து கம்ப்யூட்டரில் ஏற்றினோம். வானம்தான் எல்லாவற்றையும்விட லேசு. அடுத்து சுவர், இட்லி. லுங்கி நடுவில் நின்றது. கடுகுதான் பெரிய கனம். எங்கள் மணிக்கல் மாதிரியே.

"கடுகு சின்னது, இட்லி பெருசு. ஆனா கடுகுப் படம்தான் பெருசு. ஏன்ப்பா?" என்றாள் மகள்.

நான் வீட்டுப் பத்திரத்தை எடுத்து வந்து காட்டினேன். பத்திரத்தில் ஊர்ப் பெயர் ஒரு தடவைதான் முழுதாக வரும். அப்புறம் எல்லா இடத்திலும் 'மேற்படி கிராமம்', 'மேற்படி நபர்', 'மேற்படி சொத்து'. கம்ப்யூட்டரும் அப்படித்தான் எழுதுகிறது போலிருக்கிறது என்றேன். வானத்தை எழுத அதற்கு ஒரு வரி போதும்: இங்கே நீலம், பக்கத்தில் மேற்படி, அதற்கும் பக்கத்தில் மேற்படி. கடுகில் எங்கே மேற்படி போடுவது? ஒவ்வொரு மணிக்கும் ஒரு நிழல், ஒரு பளபளப்பு. அத்தனையையும் தனித்தனியாக எழுதியாக வேண்டும். அப்போது குவாலிட்டியைக் குறைப்பது என்றால் என்ன? 'கொஞ்சம் வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை, மேற்படி என்றே போட்டுவிடு' என்று அதற்கு அனுமதி கொடுப்பது.

படித்தவர்கள் இதைக் கணக்கு வைத்து வேறு மாதிரி சொல்வார்கள். என் புத்திக்கு எட்டியது இவ்வளவு. அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் அது பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது. அனுமதி கொடுப்பவன் நான்தான் என்பதை மட்டும் நான் சரியாக யோசிக்கவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து என் கை ஓடியது. மணிக்கல் படமென்றால் முதலில் அகல உயரத்தைக் குறைப்பேன், எட்டுப் புள்ளி இருந்த இடத்தில் ஒரு புள்ளி நிற்கிற மாதிரி. அப்புறம் குவாலிட்டியை இறக்குவேன். தொண்ணூற்றொன்பது கேபி வந்து நின்றால் மனசுக்குள் ஒரு விசில். மைசூர்க்காரர் போனில் படம் பட்டென்று திறக்கிறது என்று முதலாளி சொன்னார். கம்ப்யூட்டரில் இடம் நிறைந்துகொண்டே வந்ததால், சிறிதாக்கிய படத்தை அதே பெயரில் பழைய படத்தின் மேலேயே சேமித்தேன். "பழையதை மாற்றவா?" என்று கேட்கும். "ஆம்" என்று தட்டுவேன். கேமராவில் இருந்ததை வாரம் ஒருமுறை துடைத்துவிடுவேன்.

இப்போது பர்வீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். காவேரிப்பட்டினத்திலிருந்து கம்பெனி வண்டியில் வருபவள். ஸ்லாப்பைப் பார்த்துத் தேர்வு செய்யும் செக்கர். என்னைவிட இருபது வயது இளையவள். ஆனால் ஸ்லாப் அடுக்கி வைக்கும் யார்டில் அவள் 'ரிஜெக்ட்' என்றால் முதலாளிகூட மறுபேச்சு பேச மாட்டார்.

விரிசல் பார்க்கிற முறை ஒன்று உண்டு. காய்ந்த கல்லில் மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. ஸ்லாப்மேல் தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டு, காய விட வேண்டும். கல் சீக்கிரம் காயும். விரிசலுக்குள் போன ஈரம் காய நேரமாகும். அந்த இடைவெளியில் மட்டும் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று எழுந்து வரும். சில நிமிடம்தான். பிறகு அதுவும் மறைந்துவிடும். அந்தக் கோடு எழும் நேரம் பார்த்து பர்வீன் குரல் கொடுப்பாள்: "அண்ணா, இப்ப!" நான் கிளிக் செய்வேன். பளபளப்புமேல் சாக்பீஸ் குறி போட்டால் வாங்குகிறவர்களுக்குப் பிடிக்காது என்று முதலாளி குறி போடுவதை நிறுத்தியிருந்தார். விரிசல் படத்தில் தெரியும், பார்த்து வாங்குகிறவர் அந்த இடத்தை ஒதுக்கி வெட்டிக்கொள்வார் என்பது ஏற்பாடு. ஆக, படம்தான் எங்கள் வாக்குமூலம்.

ஒருநாள் காலை பதினோரு மணிக்கு முதலாளி எங்கள் இரண்டு பேரையும் யார்டுக்கு வரச் சொன்னார். அன்றைக்கு அவர் வாயில் தேவுடா வரவில்லை. மைசூரில் சமையல் மேடைக்காக ஒரு மணிக்கல் ஸ்லாப்பை வெட்டியிருக்கிறார்கள். பாதியில் இரண்டாகப் பிளந்துவிட்டது. ஆளுக்கு அடியில்லை. விரிசல் கல்லை நல்ல கல் என்று அனுப்பிவிட்டீர்கள் என்று மைசூர்க்காரர் கத்தியிருக்கிறார்.

"பர்வீன், இந்த ஸ்லாப்ப நீ பாக்காமலே பாஸ் பண்ணியா?"

"பாத்தன் சார். எடப்பக்கம் கீழ, ஒரு சாண் நீளம் கோடு. ரெண்டு தடவ தண்ணி ஊத்திப் பாத்தன். அப்புறந்தான் அண்ணன கூப்பிட்டன். படத்துல தெரியும் சார்."

முதலாளி போனில் எங்கள் பக்கத்தைத் திறந்து அந்தப் படத்தை விரல்களால் விரித்தார். இடப்பக்கம், கீழே. நானும் குனிந்து பார்த்தேன். கல் இருந்தது. கோடு இல்லை.

"முனிராஜு, நீதான எடுத்த? நீ சொல்லு."

நான் சொன்னேன். "கோடு இல்ல சார்."

பொய் சொல்லவில்லை. யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. கண்ணில் பட்டதைச் சொன்னேன், அவ்வளவுதான். முதலாளி போனைச் சட்டைப் பையில் வைத்தார். "நாலரைக்கு ஷிப்ட் முடியும்போது ஆபீசுக்கு வா. கவனிக்காம பாஸ் பண்ணிட்டன்னு பேப்பர் அடிச்சு வெக்கிறன். கையெழுத்து போட்டுட்டுப் போயிடு" என்று அவளிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போட்டால் எங்கள் யூனிட்டில் மட்டுமல்ல, அந்த ரோட்டில் எந்த யூனிட்டிலும் அவளை யாரும் கல் பார்க்க விட மாட்டார்கள். முதலாளிகள் எல்லோரும் ஒரே இடத்தில் டீ குடிக்கிறவர்கள். அவள் வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான்.

பர்வீன் அழவில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"கோடு இல்லன்னு சொல்லிட்டீங்களேண்ணா. படத்துல இல்லன்னு சொல்லியிருக்கலாம் இல்ல?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன், பிள்ளைகளே. கோடு இல்லை. படத்தில் கோடு இல்லை. நடுவில் ஒரே ஒரு வார்த்தை. அந்த வார்த்தைக்குள் அவளுடைய முழு வேலையும் இருந்தது.

அறைக்கு ஓடினேன். பெரிய படத்தைத் தேடினேன். அந்தப் பெயரில் ஒரே படம்தான் இருந்தது, தொண்ணூற்றொன்பது கேபி. பழையதை மாற்றவா என்று அது கேட்டதும், நான் ஆம் என்று தட்டியதும் விரலுக்கே ஞாபகம் வந்தது. கேமராவையும் பார்த்தேன். துடைத்துவிட்டிருந்தேன். சாப்பாட்டு நேரம் முழுக்க எல்லா மூலையிலும் தேடினேன். இல்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பத்து நிமிடம் சும்மா இருந்துவிடலாமா என்று நினைத்தேன். ஆதாரமும் இல்லை, அதற்குமேல் யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. தப்பு என்னுடையது என்று போய் நின்றால், பேப்பரில் பெயரை மட்டும் மாற்றி அடிப்பார்கள். வீட்டில் ஒன்பதாவது படிக்கிற பெண். ஆனால் ஒரு சந்தேகம் உள்ளே குடைந்துகொண்டே இருந்தது. அவள் சொன்னது உண்மையென்றால் கோடு எங்கே போனது? பயத்தைவிட அந்தக் கேள்விதான் என்னை எழுப்பி யார்டுக்குத் தள்ளியது என்று இன்றைக்குத் தோன்றுகிறது.

"பர்வீன்மா, விரிசல் இருக்கிற மணிக்கல் இன்னொண்ணு காட்டு."

"இன்னிக்கு என் கண்ணுதான் கெட்டுப்போன கண்ணாச்சேண்ணா. வேற யாரையாச்சும் கேளுங்க."

"என் கண்ணுதான் கெட்டுப்போச்சான்னு பாக்கணும். வாம்மா."

 அவள் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு மூன்றாவது வரிசைக்கு நடந்தாள். ஊற்றினாள், துடைத்தாள், இரண்டு பேரும் காத்து நின்றோம். கல் வெளுத்துக்கொண்டு வந்தது. நடுவில் பென்சிலால் இழுத்த மாதிரி கோடு எழுந்தது. "இப்ப" என்றாள். வழக்கமாகக் கத்துகிற குரலில் இல்லை.

கம்ப்யூட்டரில் பெரிய படத்தைத் திறந்தோம். கோடு தெளிவாக இருந்தது. புதிய பெயர் கொடுத்து, தினமும் செய்வதைச் செய்தேன். அகல உயரத்தைக் குறைத்தேன். கோடு சாயம் போன நூல் மாதிரி ஆனது. எட்டுப் புள்ளியில் ஒரு புள்ளிதான் விரிசல், மற்ற ஏழும் கல். ஒரே புள்ளியாகச் சேர்த்தபோது ஏழு பேர் பேச்சுதான் எடுபட்டது. பிறகு நூறு கேபிக்குள் வரும்வரை குமிழை இறக்கினேன். மிச்சம் இருந்த நிழலுக்கும் அது மேற்படி போட்டுவிட்டது. இங்கே கல், பக்கத்தில் மேற்படி. படம் பளிச்சென்று இருந்தது. விரிசல் இல்லாத, முதல்தரமான ஸ்லாப்.

பர்வீன் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். "எபாக்சி பசை போடாமலே விரிசல ஒட்டிட்டீங்களேண்ணா! உங்கள யார்டுல போட்டா ரிஜெக்ட் கல்லே இருக்காது" என்றாள். சிரித்தாளா, திட்டினாளா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நாலு மணிக்கு முதலாளியைக் கூட்டி வந்து, இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். நீண்ட நேரம் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"சரி. அந்த மைசூர் ஸ்லாப்போட பெரிய படம் எங்க?"

"இல்ல சார். நான்தான் அழிச்சுட்டன்."

"அது இல்லாம இவ சொல்றது நெசம்னு எப்படி நம்புறது?"

"நம்பறதுக்கு ஆதாரம் இல்ல சார். ஆனா நீங்க பேப்பர் அடிச்சதும் என் படத்த நம்பித்தான். அந்தப் படத்த நம்ப முடியாதுன்னு இப்ப நீங்களே பாத்துட்டீங்க."

 நூறு கேபி என்று சொன்னது அவர்தான் என்பது அவருக்கும் நினைவு வந்திருக்கலாம். நான் அதை எடுத்துச் சொல்லவில்லை. அளவைச் சொன்னது அவர். எதை விட்டுக்கொடுத்து அந்த அளவுக்கு வந்தேன் என்பதை அவரிடம் காட்டாமல் விட்டது நான். கடைசியில் கையிலிருந்த பேப்பரை நான்காக மடித்துப் பையில் வைத்தார். கிழிக்கவில்லை. "நாளைக்கு வண்டில வந்துடு" என்று அவளிடம் சொன்னார். என்னிடம், "இனிமே என்ன பண்ணப் போற?" என்றார்.

பெரிய படத்தைத் தனியாக வைப்பேன், எந்தக் காரணத்துக்கும் அதன்மேல் கை வைக்க மாட்டேன் என்றேன். முழு ஸ்லாப்புக்கு ஒரு சின்னப் படம், விரிசல் இருக்கிற இடத்தை மட்டும் வெட்டியெடுத்து இன்னொரு படம், விரிசலின் நீளம் எழுத்தில் ஒரு வரி என்றேன். அதற்குள் பர்வீன் குறுக்கே வந்தாள்.

"சின்னப் படத்தையும் நான்தான் பாஸ் பண்ணுவன் சார். கல்லப் பாத்தவ பாக்காம ஒண்ணும் மேல போகக் கூடாது."

மறுநாள் காலை யார்டு வேலை தொடங்குவதற்கு முன்னால் என் அறைக்கு வந்து, நாற்காலியைத் திரைக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதல் படத்தைச் சிறிதாக்கிக் காட்டினேன்.

"ரிஜெக்ட்."

"தொண்ணூத்தெட்டு கேபிம்மா. சரியா வந்திருக்குது."

"கேபியெல்லாம் எனக்குத் தெரியாதுண்ணா. என் கோடு எங்க?"

குமிழை மேலே நகர்த்தினேன். மறுபடியும் தலையாட்டினாள். விரிசல் இருந்த பக்கத்தை மட்டும் வெட்டி, அகலத்தைக் குறைக்காமல் அப்படியே வைத்து, திரும்ப ஏற்றினேன். இடமிருந்து வலமாக, மெல்லிய கறுப்பாக அது வந்தது. அவள் விரலைத் திரையில் வைத்து, கல்லைத் தடவுகிற மாதிரி அந்தக் கோட்டின் முழு நீளத்தையும் தடவிப் பார்த்தாள். பிறகு எழுந்து, கையுறையை மாட்டிக்கொண்டு யார்டுக்குப் போனாள்.